வெடி வைக்காமல் பாறை உடைத்து ஆழமாக்கிய ஒரு கிணறு: வவுனியா வடக்கில் இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் கிணறு வெட்டுகிற எவரோடு பேசினாலும் முதலில் வருகிற கேள்வி, "கல்லு எத்தனை அடியில?" என்பதுதான். மண்ணையும் கிரவலையும் உக்கிய பாறையையும் அலவாங்கால் வெட்டி இறங்கிவிடலாம். அதற்குக் கீழே வருகிற கருங்கல்லில்தான் வேலையும் காசும் நின்றுபோகின்றன. வீட்டுக்கு மிக அருகில் இருந்த ஒரு கிணற்றை, வெடிமருந்து இல்லாமல், பொங்கி விரியும் ஒரு தூளைக் கொண்டு ஆறடி ஆழமாக்கிய விபரத்தை இங்கே எழுதுகிறேன். முதல் முயற்சி தோற்றது. ஒருவருடைய கண் மயிரிழையில் தப்பியது. இதே தூளை வாங்கலாமா என்று இப்போது பலர் விசாரிப்பதால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது அவசியம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரும் கிணறு வெட்டிய குழுவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்களையும் கிராமத்தையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

வீடு மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திட்டத்தில் கிடைத்த சீமெந்துக் கல் வீடு. அதில் கணவரை இழந்த ஒரு அம்மா, அவருடைய மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். கிணறு வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. பன்னிரண்டு அடி விட்டம், பதினெட்டு அடி ஆழம். மேலிருந்து பதினாலு அடி வரை கல்லுக்கட்டு. அதற்குக் கீழே நாலடி உக்கிய பாறைக்குள் வெட்டியது. அதோடு நல்ல கருங்கல் வந்ததால் அப்போது வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் பிரித்துப் பெயரிட்ட புவியியலாளர்கள் அவற்றில் ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கிரனைற்றுத் தன்மையுள்ள நைஸ் (gneiss) என்ற வரிவரியான கடினப் பாறைகள்தான் அதில் அதிகம். நூறு கோடி ஆண்டுக்குக் கிட்டிய வயது. கல்லுக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடமில்லை. தண்ணீர் இருப்பது இரண்டு இடங்களில்: மேலே உக்கிய பாறையில், அதற்குக் கீழே கல்லில் ஓடும் வெடிப்புகளில். மாரி மழை கார்த்திகை, மார்கழியில் உக்கல் பகுதியை நிரப்பிவிடும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி ஆடி, ஆவணி வரும்போது அந்தத் தண்ணீர் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெடிப்பு இருந்தால்தான் ஊற்று.

இந்தக் கிணற்றிலும் அதே கதைதான். ஓகஸ்ட் மாதத்தில் அடியில் ஒரு சாண் தண்ணீர். இறைத்து வெறுமையாக்கினால் விடியும்போது இரண்டு அங்குலம் ஊறியிருக்கும். பன்னிரண்டு அடி விட்டத்துக்கு அது 500 லீற்றரைவிடக் கொஞ்சம் கூட. குடிக்க, சமைக்க, குளிக்க என்று நாலு பேருக்கு ஒருமாதிரிக் காணும். தென்னம்பிள்ளைகளுக்கும் கத்தரிக்கும் ஒன்றும் மிஞ்சாது. அம்மாவின் வருமானமோ அந்தத் தோட்டத்தில்தான்.

குழாய்க்கிணறு அடிக்கும் யோசனை முதலில் வந்தது. பக்கத்துக் காணியில் அடித்த ஆழக் குழாய்க்கிணற்றின் தண்ணீர் குடிக்க முடியாத அளவுக்கு வன்மையாக இருந்தது. வவுனியாப் பக்கம் ஆழத் தண்ணீரில் புளோரைட்டும் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல் பழுப்பேறும். சிறுநீரக நோயைப் பற்றிய பயமும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. அதனால் இருக்கிற கிணற்றையே ஆழமாக்குவது என்று தீர்மானித்தார்கள்.

ஏன் வெடி வைக்கவில்லை

கிணற்றுக்குள் கருங்கல் வந்தால் வெடி வைப்பதுதான் வழமை. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். இங்கே அதைத் தவிர்க்க மூன்று காரணங்கள் இருந்தன. வீடு இருபது அடியில். கல்லுக்கட்டோ பழையது, சாந்து பல இடங்களில் உதிர்ந்திருந்தது. ஒரு துளைக்கு வைக்கிற மருந்தைக் குறைத்து, துளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சில மில்லிசெக்கன் இடைவெளியில் வெடிக்கச் செய்தால் அதிர்வைப் பெருமளவு அடக்கலாம். ஆனால் அதற்குத் தாமத டெட்டனேற்றர்களும் (மருந்தை நேரம் தள்ளி வெடிக்கச் செய்யும் சாதனங்கள்) அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டாவது, 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு கிராம்கூட வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஒரு வீட்டுக் கிணற்றுக்கு அந்த அனுமதியை எடுத்து முடிப்பதற்குள் மாரி தொடங்கிவிடும்.

மூன்றாவது காரணத்தை அம்மா ஒரே வரியில் சொன்னார்: "இந்த வளவுக்குள்ள வெடிச்சத்தம் எனக்கு வேண்டாம் தம்பி." அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

கம்பிரசரும் ஜக்ஹாமரும் கொண்டு கொத்தியே இறங்குவதும் ஒரு வழி. குழுத்தலைவர் இரண்டு நாள் முயன்று பார்த்தார். அலகு மழுங்கியதே தவிரக் கல் அசையவில்லை. அப்புறம்தான் கொழும்பில் கட்டட இடிப்பு வேலை செய்யும் உறவினர் ஒருவர் மூலம் அந்தத் தூள் வந்தது. வேலையாட்கள் அதைக் 'கல்லுடைக்கிற பவுடர்' என்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

பவுடர் செய்கிற வேலை

1970களின் பிற்பகுதியில் ஜப்பானிய சீமெந்துத் துறையில் உருவாகிப் பரவிய தொழில்நுட்பம் இது. முக்கிய சரக்கு, மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் அது நீறும். நீறும்போது திண்மத்தின் கன அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வீட்டில் சுண்ணாம்புக்கல் நீற்றியவர்களுக்கு அந்தச் சூடும் பொங்கலும் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த நீறுதலை மணிக்கணக்காக இழுக்கும்படி தயாரித்திருக்கிறார்கள். துளைக்குள் அடைபட்ட கூழ் மெல்ல மெல்லப் பொங்கிச் சுவரைத் தள்ளும். அந்த அழுத்தம் 30 மெகாபஸ்கலைத் தாண்டக்கூடியது.

கருங்கல்லை நசுக்க 100 மெகாபஸ்கலுக்கு மேல் வேண்டும். அதையே இழுத்துப் பிளக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். நசுக்கினால் அசையாத கல், இழுத்தால் பிளந்துவிடும். ஆப்பு அடித்துக் கல் பிளந்த நம் பழைய கல்தச்சர்கள் பயன்படுத்தியதும் இந்தக் குணத்தைத்தான். சத்தமில்லை, அதிர்வில்லை, கல் பறப்பதில்லை. வெடித்த பிறகு கிணற்றுக்குள் தங்கி நிற்கும் நச்சுப் புகையும் இல்லை. கிணற்று வேலையில் இந்தக் கடைசி விடயம் பெரியது.

இதெல்லாம் பெட்டியில் எழுதியபடி நடந்தால்.

முதல் முயற்சியும் விபத்தும்

நான் அங்கே போனது இந்த முயற்சிக்குப் பிறகு. குழுத்தலைவரும் இரண்டு இளைஞர்களும் அம்மாவும் சொன்னவற்றையும், கிணற்றின் அடியில் கண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

கிணற்றடி முழுவதையும் ஆழமாக்குவதுதான் திட்டம். நடுவிலிருந்து தொடங்கி, 42 மில்லிமீற்றர் அலகால் நேர் கீழாகத் துளைகள். கம்பிரசர் நாள் வாடகைக்கு எடுத்தது, பிற்பகலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனவே துளை முடிந்த கையோடு, நடுப்பகலில், பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீர் முற்றத்தில் வெயிலில் நின்ற பரலில் இருந்தது.

ஓகஸ்ட் கடைசி வாரத்தில் வவுனியாவுக்கு நேர் மேலே சூரியன் நிற்கும். வருடத்தில் இரண்டு தடவைதான் அப்படி, ஏப்ரலில் ஒன்று, ஓகஸ்ட் கடைசியில் ஒன்று. அந்த நாட்களில் பதினெட்டு அடிக் கிணற்றின் அடிப்பாறையில் மதிய வெயில் நேராக விழும். நான் போன பிறகு ஒரு மதியம் வெப்பமானியை அந்தப் பாறையில் வைத்துப் பார்த்தோம். 41 பாகை காட்டியது. பவுடர்ப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்தது: 10 முதல் 25 பாகை வரை. இந்த வெயிலுக்கான வகை அல்ல. அந்தப் பெட்டியில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

கூழ் ஊற்றி அரை மணித்தியாலத்துக்குள் ஒரு துளை பீறியது. நீறுதல் வேகமாகிச் சூடு நூறு பாகையைத் தாண்டினால், கூழில் உள்ள தண்ணீர் நீராவியாகும். அந்த ஆவி மேலே உள்ள கூழைத் துப்பாக்கிக் குழாயிலிருந்து போவதுபோல வெளியே தள்ளிவிடும். துளை அகலமாக இருந்தால் உள்ளே கூழ் அதிகம், சூடு வெளியேற வழி குறைவு. 42 மில்லிமீற்றர் இந்த வெயிலுக்கு மிக அகலம். கூழ் கிணற்றுக் கட்டைத் தாண்டி மேலே வந்தது. ஊற்றியதும் எல்லோரும் மேலே ஏறியிருந்தார்கள், அது பெரிய புண்ணியம். ஆனால் இளைஞர்களில் ஒருவர் கட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலும் முன்கையிலும் சூடான கூழ் விழுந்தது. முகம் திரும்பியிருந்ததால் கண்ணில் படவில்லை. அம்மா ஓடிவந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றிருக்கிறார். சரியான முதலுதவி அதுதான்: கடுமையான காரம், நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவ வேண்டும். காயம் ஆறிவிட்டது. கண்ணில் பட்டிருந்தால் பார்வை போயிருக்கும்.

மற்றத் துளைகள் பீறவில்லை. மறுநாள் பார்த்தபோது துளைக்குத் துளை மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. அலவாங்கு நுழையவில்லை. நூறு கோடி ஆண்டுப் பாறை இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுபடி யோசித்தது

குழுத்தலைவர் முப்பது வருடமாகக் கிணறு வெட்டுகிறவர். என்னைக் கூப்பிட்டபோது அவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே பாதி விடை இருந்தது. "பவுடரில பிழை இல்லைத் தம்பி. கல்லுக்குப் போக வழி விடேல்லை."

இதை விளங்கிக்கொண்டால் பாறை உடைப்பில் பாதி விளங்கிவிடும். பாறையைப் பிளக்கிற எந்த விசைக்கும் வெறும் முகம் ஒன்று தேவை, அதாவது பிளந்த துண்டு நகர ஒரு வெற்றிடம். குவாரியில் முன்னால் பெரிய முகம் திறந்திருக்கும். அங்கே வேலை இலகு. சுரங்கப்பாதையிலும் செங்குத்துச் சுரங்கக் குழியிலும் திறந்திருப்பது ஒரே ஒரு முகம், அதையும் நாம் துளைக்கிற திசையிலேயே பார்த்து நிற்கிறோம். அதனால் சுரங்க வேலையில் எப்போதும் முதலில் நடுவில் ஒரு சின்னக் குழியை உண்டாக்குவார்கள். பிறகு சுற்றியுள்ள பாறையை அந்தக் குழியை நோக்கித் தள்ளுவார்கள். காரீயச் சுரங்கமானாலும் மலையைக் குடைகிற நீர்ச்சுரங்கமானாலும் இந்த ஒழுங்கு மாறாது. கிணற்றடியும் ஒரு செங்குத்துச் சுரங்கக் குழியின் அடிதான்.

வெடிமருந்தில் இந்த ஒழுங்கைத் தாமத டெட்டனேற்றர் பார்த்துக்கொள்ளும். பவுடரில் நாமே ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்ய வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான்.

அடுத்த தீர்மானம், கிணற்றடி முழுவதையும் தொடாமல் விடுவது. பன்னிரண்டு அடி விட்டத்தையும் ஓரடிக்கு ஒரு துளை வீதம் உடைப்பதென்றால் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட துளைகள் வேண்டும், அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஐந்தடி விட்டத்தில் ஓர் உள்குழி போட்டால் இருபது துளை போதும். ஒரு ஆள் ஜக்ஹாமரோடு நின்று வேலை செய்யவும் அந்த அகலம் காணும். எங்கே போடுவது என்பதைக் கிணறே காட்டியது. இறைத்துவிட்டுப் பார்த்தபோது மேற்குப் பக்கத்தில், பாறையின் வரிகளோடு ஒட்டி ஓடிய ஒரு கோடு மாத்திரம் ஈரமாகவே இருந்தது. நைஸ் பாறையின் கறுப்பு வெள்ளை வரிகள் அங்கே கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்கின. உள்குழியை அந்தக் கோடு இறங்கிப் போகும் பாதையில், ஆனால் பக்கச் சுவரிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிக் குறித்தோம். கல்லுக்கட்டின் பாரம் நிற்கிற தோளைக் குடையக் கூடாது.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அண்டைக்கு வெடிச்ச பவுடரைத் திரும்பவும் என்ர கிணத்துக்குள்ள போடப் போறியளோ?" வெயில் கால வகைக்கு மாற்றுவதையும், மாலையில் மட்டும் ஊற்றுவதையும், முதலில் வேறு கல்லில் சோதிப்பதையும் விளக்கினோம். காணி மூலையில் கிடந்த ஒரு பெரிய கல்லில் மூன்று துளை போட்டு ஊற்றினோம். மறுநாள் காலையில் கல் இரண்டாகப் பிளந்து கிடந்ததை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரி செய்யுங்கோ என்றார்.

வேலை நடந்த விதம்

ஒரு சுற்று இரண்டடி ஆழம். முதல் நாள் உள்குழியின் நடுவில் ஆறு துளைகள்: மூன்றுக்கு எதிரே மூன்று, சாய்வாக, அடியில் ஒன்றையொன்று நெருங்கும்படி. இவை பொங்கும்போது நடுவில் உள்ள ஆப்பு வடிவத் துண்டுக்கு மேல்நோக்கித்தான் வழி. மறுநாள் அந்தத் துண்டை அலவாங்கால் நெம்பி எடுத்தால் வெறும் முகம் கிடைத்துவிடும். அடுத்து, விளிம்பைச் சுற்றி ஓரடிக்கு ஒன்றாகப் பதினாலு துளைகள். அவை நடுக்குழியை நோக்கிப் பாறையைத் தள்ளும்.

அலகை 36 மில்லிமீற்றராகக் குறைத்தோம். துளைக்கும்போது பறக்கிற தூசி பற்றி அதிகம் பேர் கவலைப்படுவதில்லை. இந்தக் கல்லில் படிகக்கல் நிறைய உண்டு, அதன் நுண்தூசி சுவாசப்பையில் தங்கினால் திரும்பி வராது. திறந்த குவாரியில் காற்று கொண்டுபோகும், கிணற்றுக்குள் அது துளைக்கிறவரின் மூக்குக்கு முன்னாலேயே நிற்கும். துளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தார்கள், நன்றாகப் பொருந்தும் முகக்கவசம் போட்டார்கள். கொரோனா காலத்து நீலத் துணி மாஸ்க் இதற்கு உதவாது.

ஊற்றுகிற வேலை மாலை ஐந்தரைக்குப் பிறகு. அந்த நேரம் பாறை 31 பாகைக்கு இறங்கியிருக்கும். ஐந்து கிலோ பவுடருக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு கோப்பையும் கூடாது. மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐசில் குளிர வைத்த தண்ணீர். முதலில் தண்ணீரை வாளியில் விட்டு, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். கட்டி இல்லாமல் வந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் துளைக்குள் போய்விட வேண்டும். வாளி சூடாகத் தொடங்கினால் அந்தக் கூழை ஊற்றவே கூடாது, தண்ணீரை நிறைய விட்டு வெளியே கொட்டிவிட வேண்டும். 36 மில்லிமீற்றர் துளையில் ஒரு மீற்றருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது.

இரண்டாம் சுற்றில் ஒரு சிக்கல். மேற்குப் பக்கத் துளைகளில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. கம்பிரசர் காற்றால் ஊதி வெளியேற்றினாலும் ஊற்றுவதற்குள் மறுபடி நிற்கும். தண்ணீர் கூடிய கூழ் பொங்காது, சோர்ந்துவிடும். முதல் நாள் காயப்பட்ட அந்த இளைஞர்தான் வழி சொன்னார். கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற ஐஸ் பக்கற்றின் நீண்ட பொலித்தீன் பை துளைக்குள் அளவாகப் போகும். வெறும் பைகளை வாங்கி, அடியை முடிந்து, துளைக்குள் இறக்கி, அதற்குள் கூழை ஊற்றினார்கள். வெளிநாடுகளில் இதற்கென்றே உறைகள் விற்கிறார்கள். வவுனியா வடக்கில் ஐஸ் பக்கற்றுப் பை அதே வேலையைச் செய்தது.

ஊற்றி முடித்ததும் துளைகளுக்கு மேல் ஈரச் சாக்கு, கிணற்று வாய்க்கு மேல் தகரம், அதற்குமேல் மரக்குற்றி. விடியும்வரை ஒருவரும் கிணற்றுப் பக்கம் போவதில்லை. பிள்ளைகள் போகாமல் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு. அவர் அதைக் கண்டிப்பாகச் செய்தார். கூழ் கலக்குகிற ஒவ்வொருவருக்கும் கண்ணாடியும் றப்பர்க் கையுறையும் உண்டு. கண்ணாடி இல்லாமல் எவரும் பெட்டியைத் திறப்பதில்லை என்று குழுத்தலைவரே சட்டம் போட்டார்.

இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கிணற்றுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாக அம்மா சொன்னார். சிறிது நேரத்தில் இன்னொன்று. காலையில் தகரத்தை எடுத்தபோது நடு ஆறு துளைகளையும் இணைத்து விரலளவு அகல வெடிப்பு ஓடியிருந்தது. துளை வாய்களில் வெள்ளைத் தூள் குவிந்து நின்றது. முதல் துண்டை எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. அது வந்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லாமல் எப்பிடி உடைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

இறைப்பதில் எடுத்த ஒரு தீர்மானம்

பாறை உடைப்பைவிட இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மேலே வைத்து உறிஞ்சும் பம்பிக்குக் கோட்பாட்டில் 33 அடி எல்லை. நடைமுறையில் இருபது, இருபத்திரண்டு அடியிலேயே அது திணறும். உள்குழியின் அடி 24 அடியில் வருகிறது. குழுவினரின் முதல் யோசனை, பெற்றோல் மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, பழைய அடித்தளத்தில் வைத்து இறைப்பது. இந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற வேலைதான்.

அதற்கு ஒரேயடியாக மறுத்தோம். மெசின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. காற்றின் பாரம்தான் அதற்கும், கிணற்றை விட்டு எழும்பிப் போகாது. உள்ளே இறங்குகிறவருக்குத் தலை சுற்றும், பிறகு கால் மடியும். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் அதே இடத்தில் விழுவார். இலங்கையில் கிணற்றுக்குள் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. மெசினை நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆனாலும் ஆழக் கிணற்றுக்குள் காற்றுச் சுத்தமாகிவிட்டது என்று நம்ப முடியாது.

அம்மா சங்கத்தில் கடன் எடுத்து, நீரில் மூழ்கும் மின்பம்பி ஒன்றை வாங்கினார். அதற்குத் தனியாக ட்ரிப் சுவிட்ச். ஆள் உள்ளே இறங்கும்போது பம்பி வெளியே, பிளக் கழற்றி அம்மாவின் கையில். இறங்குமுன் கம்பிரசரின் குழாயை அடிவரை விட்டுச் சுத்தமான காற்றை அடித்தார்கள். மேலே எப்போதும் இருவர், இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு.

விளைவு

மூன்று சுற்றில் ஆறடி இறங்கியது. மூன்றாவது சுற்றில், நாம் எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் மேலேயே, அந்த ஈரக் கோட்டின் தொடர்ச்சி உள்குழியின் மேற்குச் சுவரில் திறந்தது. கல்லைத் தூக்கிய இடத்திலிருந்து பென்சில் தடிப்பில் தண்ணீர் ஓடிவந்தது. செப்ரெம்பர் நடுப்பகுதி, வருடத்தில் மிக வறண்ட நேரம். மாலையில் முழுதாக இறைத்துவிட்டுக் காலையில் அளந்தோம். உள்குழி நிரம்பி, மேல் தளத்திலும் மூன்று அங்குலம் நின்றது. மொத்தம் 4,000 லீற்றரைவிடக் கொஞ்சம் கூட. முன்பு அதே நேரத்தில் 500.

வீட்டுச் சுவரில் வேலைக்கு முன்பே இருந்த வெடிப்புகளைப் படம் எடுத்து, பென்சிலால் முனையைக் குறித்து வைத்திருந்தோம். ஒன்றும் நீளவில்லை. கல்லுக்கட்டில் ஒரு கல்லும் அசையவில்லை.

தண்ணீரைப் பற்றி அவசரப்படாமல் இருந்தது நல்லது. நீறிய சுண்ணாம்பு பாறை இடுக்குகளில் மிஞ்சும். முதல் நாட்களில் தண்ணீர் கையில் வழுவழுப்பாக இருந்தது, அதாவது காரம் அதிகம். காலையில் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருந்தது, சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து உண்டாக்குவது. துண்டுகளைப் பொறுக்கி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பலமுறை இறைத்துக் கொட்டிய பிறகுதான் ஏடு நின்றது. அதன்பின் குளோரின் போட்டு, மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தார்கள். அறிக்கை வரும்வரை குடிக்க வெளித் தண்ணீர்தான். காரத்தன்மை சாதாரண நிலைக்கு வந்திருந்தது, புளோரைட்டும் எல்லைக்குள் இருந்தது.

பக்கத்துக் காணிக் கிணற்றின் மட்டத்தையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தோம். பாறை வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. ஒரு இடத்தில் திறந்தால் இன்னொரு இடத்தில் வற்றலாம். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோக வெட்டிய உமா ஓயாச் சுரங்கத்துக்குள் 2014 கடைசியில் தண்ணீர் பீறிட்ட பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதை நாடே பார்த்தது. ஆறடிக் குழியையும் அந்தச் சுரங்கத்தையும் ஒன்றாக வைக்க முடியாது, ஆனாலும் அயலவரின் தண்ணீரை அளந்து பார்ப்பது நம் கடமை. அவர்களுடைய மட்டத்தில் மாற்றம் தெரியவில்லை.

செலவு, வெடி வைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பவுடருக்கும் கம்பிரசர் வாடகைக்குமே பெரும் பங்கு போனது. வீடோ கட்டடமோ அருகில் இல்லாத வெட்டையில், முறையான அனுமதியும் தெரிந்த ஆளும் இருந்தால், வெடியே மலிவு என்பதை மறைக்கத் தேவையில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

குழுத்தலைவரோடு இருந்து பேசியதில் இருவரும் உடன்பட்டது, பவுடர் வாங்குமுன் வெப்பமானி வாங்க வேண்டும் என்பது. பாறையின் வெப்பத்தை அளக்காமல் எந்த வகைப் பவுடர் என்று கடையில் சொல்ல முடியாது. பெட்டியில் உள்ளதை வாசிக்க முடியாவிட்டால், வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை திறக்கக் கூடாது. இறக்குமதி செய்கிறவர்கள் பெட்டிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் வைத்தால் எத்தனையோ கண்கள் தப்பும். இதை அவர்களிடம் கேட்கிற உரிமை வாங்குகிற நமக்கு இருக்கிறது, கேட்கவும் வேண்டும்.

கம்பிரசரை ஒரு நாளுக்கு எடுத்ததால்தான் நடுப்பகலில் ஊற்ற வேண்டி வந்தது. துளைக்கிற நாளையும் ஊற்றுகிற நேரத்தையும் பிரித்துவிட்டால் அந்த நெருக்கடி வராது. ஊற்றுவதற்குக் கம்பிரசர் தேவையில்லை, ஊறும் துளைகளை ஊதிவிட மட்டும்தான் வேண்டும், அதற்குப் பை இருந்தால் போதும்.

வேலையைக் கொஞ்சம் முந்தி, ஆடியில் தொடங்கியிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. நான் அதில் முழுதாக உடன்படவில்லை. ஆவணியில் கிணறு வற்றியிருந்ததால்தான் ஈரக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் நிற்கும்போது தொடங்கியிருந்தால் உள்குழியை நடுவில் போட்டிருப்போம், ஊற்றைத் தவறவிட்டிருப்போம். வற்றும்வரை பொறுத்து, கோட்டைக் குறித்துவிட்டு, வெயில் தாழ்ந்த நேரங்களில் வேலை செய்வதே நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. உள்குழியின் விளிம்பில், மயிர்க்கோட்டு வெடிப்புள்ள இரண்டு துண்டுகள் அப்படியே நிற்கின்றன. இப்போது தண்ணீருக்குள் இருப்பதால் தொட முடியவில்லை. அடுத்த ஆவணியில் மட்டம் இறங்கியதும் அவற்றை எடுத்துவிட்டு, விளிம்பைக் கொன்கிரீற்றால் கட்ட வேண்டும். அதுவரை கிணற்றுக்குள் ஒருவரும் இறங்குவதில்லை என்று அம்மா கிணற்று வாய்க்குக் கம்பி வலை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.